வயரிங் செக் செய்ததாகச் சொல்லி 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்டது குறித்துப் புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கார் சர்வீஸ் நிறுவனம், கடலூர்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் கார் 2006 மாடல். ஹெட்லைட் ஃபியூஸ் அடிக்கடி எரிந்து போகிறது என்று சொல்லி, போன மாதம் உங்கள் கடலூர் கிளையில் விட்டேன். வயரிங், ஃபியூஸ் எல்லாவற்றையும் முழுசாகப் பார்க்க வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுதச் சொன்னேன். பில்லில் வயரிங் செக்குக்குத் தனிக் கட்டணமும் போட்டிருக்கிறீர்கள். "இனிமேல் ஃபியூஸ் போகாது சார்" என்று சொல்லித்தான் வண்டியைக் கொடுத்தார்கள்.

சென்ற வாரம் இரவு குடும்பத்தோடு புதுச்சேரியிலிருந்து திரும்பினோம். கிருமாம்பாக்கம் தாண்டியதும் டாஷ்போர்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்து, புகையும் கிளம்பியது. ஓரங்கட்டி எல்லோரையும் இறக்கிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிய பிறகுதான் அடங்கியது. பின் சீட்டில் இருந்த என் அம்மாவுக்கு முழங்கால் வலி, சட்டென்று இறங்க முடியாதவர். அதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பிரித்துக் காட்டினார். ஃபியூஸ் பாக்ஸ் மூடியில் அந்த இடத்துக்கு 15 என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. நீல நிற 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை நிற 30 ஆம்பியரைச் செருகியிருக்கிறார்கள். என் வண்டியில் இரண்டு ஹெட்லைட்டுக்கும் ஒரே ஃபியூஸ். 60 வாட் பல்பு இரண்டும் சேர்ந்து 12 வோல்ட்டில் சுமார் 10 ஆம்பியர்தான் இழுக்கும். அப்படியும் 15 ஆம்பியர் ஃபியூஸ் திரும்பத் திரும்ப எரிந்தால், எங்கேயோ ஷார்ட் ஆகிறது என்றுதானே அர்த்தம்? இன்ஜின் பக்கமிருந்து வயர்கள் உள்ளே நுழையும் துளையில் ரப்பர் வளையம் காய்ந்து உதிர்ந்து, வயர் தகட்டில் உரசித் தோல் உரிந்திருந்தது. பழைய வண்டியில் முதலில் கை வைத்துப் பார்க்க வேண்டிய இடம் அது.

ஃபியூஸ் இருப்பதே வயரைக் காப்பாற்றத்தான். வயரின் தடிமனைப் பார்த்துத்தான் அதற்கு ஆம்பியர் குறிக்கிறார்கள். இரண்டு மடங்கு ஃபியூஸ் போட்டால், அது அறுவதற்கு முன்பே வயர் சூடாகி உருகிவிடும். என் வண்டியில் அதுதான் நடந்தது.

அப்புறம், இந்த ஊர் உப்புக் காற்றில் எர்த் பாயிண்ட், அதாவது எர்த் வயரை வண்டியின் தகட்டோடு முடுக்கும் இடம், பச்சை பூத்துக் கிடக்கிறது, யாரும் தொடவில்லை. முன்பு யாரோ மாட்டிய ஃபாக் லேம்புக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸே இல்லாமல் நேராக வயர் ஓடுகிறது. இவற்றையெல்லாம் பார்க்காமல் எதைச் செக் செய்தார்கள்?

கருகிய வயரிங்கை அதே தடிமன் வயரில் உங்கள் செலவில் மாற்றித் தர வேண்டும், செக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும், 30 ஆம்பியரைப் போடச் சொன்னது யார் என்று எழுத்தில் பதில் தர வேண்டும். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். அதைவிட அவசரமான ஒன்று: ஃபியூஸ் எரிகிறது என்று உங்களிடம் வந்த மற்ற வண்டிகளையும் உடனே கூப்பிட்டு, என்ன ஃபியூஸ் போட்டு அனுப்பினீர்கள் என்று பாருங்கள்.

பில், ஜாப் கார்டு நகல்களும் படங்களும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.