இரண்டு மீட்டரில் நில்லும்மா

அன்புள்ள மீனா,

கே.ஆர். மார்க்கெட்டில் நீ எடுத்த படங்களை அம்மாவும் நானும் பார்த்தோம். பூக்காரர்கள் எல்லாரும் எங்கோ சின்னதாகத் தெரிகிறார்கள், முன்னால் வெறும் தரைதான் இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். கேமராவை மாற்றிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். வேண்டாம்மா. ரிக்கோ ஜிஆர் 3 கைக்குப் பழக வேண்டிய கேமரா. கொஞ்ச நாள் பொறு.

அதில் ஜூம் கிடையாது. 28 மில்லிமீட்டர் என்கிற அகலமான கோணம் ஒன்றுதான். ஜூம் லென்ஸ் இருந்தால் நின்ற இடத்திலிருந்தே ஆளைக் கிட்டே இழுத்துக்கொள்ளலாம். இதில் நீதான் நடந்து போக வேண்டும். எவ்வளவு கிட்டே? இரண்டு மீட்டர். நாலு முழ வேட்டியை விரித்துப் போட்டால் வருகிற நீளம். அங்கே நின்று கேமராவைப் படுக்கையாகப் பிடித்தால் ஃபிரேமின் உயரம் சுமார் 1.7 மீட்டர். நிற்கிற ஆள் தலையிலிருந்து கால்வரை நிறைந்துவிடுவார். உட்கார்ந்து பூக்கட்டுகிற அம்மா என்றால் கூடை, தராசு, பக்கத்துக் கடைக்காரர் எல்லாரும் சேர்ந்து வருவார்கள்.

அப்புறம் ஸ்னாப் ஃபோகஸ். இந்தக் கேமராவை நான் விரும்புவதே இதற்காகத்தான். தூரத்தை முன்கூட்டியே 2 மீட்டர் என்று வைத்துவிட்டு ஷட்டரை ஒரே அழுத்தாக அழுத்தினால், கேமரா ஃபோகஸைத் தேடாமல் அந்தத் தூரத்திலேயே படம் எடுத்துவிடும். வெயிலில் லென்ஸின் திறப்பைச் சிறிதாக்கி எஃப் 8 வைத்துக்கொள். ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து தெருக்கோடிவரை தெளிவாக இருக்கும். மார்க்கெட்டுக்குள் வெளிச்சம் குறைவு, திறப்பைப் பெரிதாக்கி எஃப் 4-க்கு இறங்கத்தான் வேண்டும். அப்போது ஒன்றரையிலிருந்து மூன்றரை மீட்டர்வரைதான் தெளிவு. அங்கே உன் கண் தூரத்தைச் சரியாக அளக்க வேண்டும். நின்று நிதானித்து எடுக்க நேரம் இருந்தால் ஷட்டரைப் பாதி அழுத்து, ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும்.

கண்ணை வைத்துப் பார்க்க வியூஃபைண்டர் இல்லையே என்று வருத்தப்படாதே. பெரிய கேமராவைத் தூக்கினால் உன் முகம் அதன் பின்னால் மறைந்துவிடும். இதை நெஞ்சுயரத்தில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு எதிரில் இருப்பவரோடு பேசலாம், சிரிக்கலாம். அவர் உன்னைத்தான் பார்ப்பார், கேமராவை அல்ல. அந்த முகபாவம் ஜூமில் தூரத்திலிருந்து எடுத்தால் கிடைக்கவே கிடைக்காது. ஆனால் ஒன்று, அவருக்குத் தெரியாமல் எடுக்க முடியும் என்பதற்காக அப்படி எடுக்காதே. கேட்டுவிட்டு எடு, எடுத்ததைக் காட்டு.

உச்சி வெயிலில் திரை சரியாகத் தெரியாது. அதற்கு வழி, 28 எவ்வளவு அகலம் பிடிக்கும் என்று கேமரா இல்லாமலே மனதில் கட்டம் போட்டுப் பழகுவதுதான். ஜப்பானியப் புகைப்படக்காரர் டைடோ மொரியாமா இந்த ஜிஆர் வரிசைக் கேமராக்களை வைத்துக்கொண்டு டோக்கியோ தெருக்களில் எவ்வளவு எடுத்திருக்கிறார், பார். நெருக்கம், சாய்வு, கறுப்பு. அந்தப் படங்களில் அவர் கூட்டத்துக்குள்ளேயே நடப்பது தெரியும்.

எஃப் 8, 2 மீட்டர், வெளிச்சத்துக்கேற்ற உணர்திறனைக் கேமராவே பார்த்துக்கொள்ள ஆட்டோ ஐஎஸ்ஓ, ஷட்டர் வேகம் நொடியில் 1/250-க்குக் கீழே இறங்காதபடி, எல்லாவற்றையும் கேமராவின் சக்கரத்தில் இருக்கிற யு1 என்ற இடத்தில் சேமித்து வை. ஒரு சார்ஜுக்குச் சுமார் 200 படம்தான் வரும், பைக்குள் இன்னொரு பேட்டரி இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மறுபடி மார்க்கெட்டுக்குப் போனால் நல்லதாகப் பொறுக்காமல் எடுத்த எல்லாவற்றையும் அனுப்பு. எங்கெங்கே பின்வாங்கி நின்றாய் என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா