முதுகில் படம் இருந்தால் குளிக்கக் கூடாதா? ஜப்பானியக் குளியலகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

ஜப்பானில் ஒன்சென் எனப்படும் வெந்நீர் ஊற்றுக் குளியலகங்களை நடத்திவரும் உரிமையாளர்களுக்கும் அவர்களுடைய சங்கத்தாருக்கும் வணக்கம்.

டோக்கியோவில் வேலை பார்க்கும் தமிழன் நான். பச்சை குத்தியவர்களை உங்களில் பலர் குளிக்க விடுவதில்லை, அதைப் பற்றித்தான் இந்த மடல். இதன் ஜப்பானிய வடிவத்தைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். கையிலும் தோளிலும் பச்சை குத்திக்கொண்டு இங்கே சுற்றுலா வரும் நம் பிள்ளைகளுக்கும் விஷயம் தெரியட்டும் என்றுதான் தமிழிலும் எழுதுகிறேன்.

என் முதுகு முழுக்க ஒரு கெண்டை மீன் அருவியை எதிர்த்து ஏறிக்கொண்டிருக்கிறது. யோகோஹாமாவில் ஒரு கலைஞர் மெஷின் இல்லாமல் கையாலேயே குத்தியது. ஊசிகளைக் கொத்தாகக் கட்டிய கோலை வலது கையில் பிடித்து, இடது கட்டைவிரல்மேல் சாய்த்து, நெம்பி நெம்பிக் குத்துவார். மை தோய்ந்த தூரிகை அதே இடது கையின் விரலிடுக்கில் இருக்கும். அவ்வப்போது ஊசியை அதில் தொட்டுக்கொள்வார். ஊசி தோலைவிட்டு எழும்போதெல்லாம் சன்னமாக ஒரு ‘சக்’. மை கறுப்புதான், ஆனால் புண் ஆறியபின் தோலுக்கடியில் லேசாக நீலம் காட்டும். அந்தக் கறுப்பை அடர்த்தியாகத் தொடங்கி, புகையாகக் கரைத்துக்கொண்டே போய், கடைசியில் வெறும் தோலில் விடுவதில்தான் ஒருவருடைய கை தெரியும். அதற்கு வருஷக்கணக்கில் பழக வேண்டும்.

மீனோடு செர்ரிப் பூவும் வேண்டும் என்று கேட்டேன். முடியாது என்றுவிட்டார். அருவி ஏறும் கெண்டைக்கு இலையுதிர்காலத்து மேப்பிள் இலைதான் பொருத்தம், சிங்கத்துக்கு பியோனிப் பூ, பருவத்தைக் கலந்தால் படம் கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. நம் ஊர் ஸ்தபதியிடம் போய், முருகனுக்கு மயிலுக்குப் பதில் கருடனை வையுங்கள் என்றால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தார்.

இந்த இலக்கணத்தில் பெரும்பகுதி மர அச்சு ஓவியங்களிலிருந்து வந்தது. சீனத்துக் கதையில் வரும் 108 வீரர்களை 1827 வாக்கில் குனியோஷி என்ற ஓவியர் வரிசையாக வரையத் தொடங்கினார். மூலக் கதையில் பச்சை குத்தியவர்கள் ஒரு சிலர்தான். குனியோஷி இன்னும் பலருடைய உடம்பிலும் டிராகனையும் அலையையும் தீட்டிவிட்டார். படங்கள் எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) சக்கைப்போடு போட்டன. தீயணைப்பவர்களும் கூலிவேலைக்காரர்களும் அந்த மாதிரிப் படங்களைத் தங்கள் தோலிலேயே ஏற்றிக்கொண்டார்கள். தீயணைப்பவர்களுக்கு டிராகன் மேல் தனிப் பிரியம். தண்ணீருக்கு உரியது அல்லவா அது.

உங்களில் ஒருவருடைய விடுதியின் கடையில் அதே குனியோஷி வீரர்களை அச்சிட்ட துண்டு விற்கிறார்கள். ஒன்று வாங்கிக்கொண்டு குளிக்கப் போனேன். சட்டையைக் கழற்றியதும் ஊழியர் ஓடிவந்து, மிகப் பணிவாகக் குனிந்து, மன்னிக்க வேண்டும், பச்சை குத்தியவர்களுக்கு அனுமதி இல்லை என்றார். துண்டில் இருக்கலாம், தோலில் இருக்கக் கூடாதாம்.

உங்கள் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பேசவில்லை. எடோ காலத்தில், அதாவது 1868-க்கு முன், குற்றவாளிகளின் கையில் பட்டை பட்டையாக அடையாளம் குத்தினார்கள். அடுத்து வந்த மெய்ஜி அரசு 1872-இல் பச்சை குத்துவதையே தடை செய்தது. அந்தத் தடை 1948 வரை நீடித்தது. (இடையில் 1881-இல் வந்த இங்கிலாந்து இளவரசர், பிற்பாடு ஐந்தாம் ஜார்ஜ் ஆனவர், கையில் டிராகன் குத்திக்கொண்டு ஊர் திரும்பினார். ராஜா வீட்டுப் பிள்ளைக்கு ஏது சட்டம்!) அப்புறம் உடம்பில் பெரிது பெரிதாகப் பச்சை குத்திக்கொள்ளும் யாகுசா என்ற குற்றக் கும்பல்கள். 1960-களில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேருக்கு மேல் இருந்த அவர்கள், போலீஸ் கணக்குப்படி 2024 கடைசியில் 20,000-க்கும் கீழே வந்துவிட்டார்கள். உங்கள் வாசலில் உள்ள பலகை மட்டும் அப்படியே நிற்கிறது.

அந்தப் பலகையால் யார் திரும்பிப் போகிறார்கள் என்று பாருங்கள். 2013-இல் வடக்கே ஹொக்கைடோ தீவில், பூர்வகுடி மொழி பற்றிய கூட்டத்துக்கு வந்த நியூசிலாந்து மாவோரிப் பெண் ஒருவரை, முகத்தில் குலவழக்கப்படி பச்சை இருக்கிறது என்று ஒரு குளியலகம் திருப்பி அனுப்பியது. ஹொக்கைடோவின் பூர்வகுடிகளான ஐனு பெண்களும் காலங்காலமாக உதட்டைச் சுற்றிப் பச்சை குத்தியவர்கள்தான்.

எனக்கு ஆற்றாமை இன்னொன்றில். இது ஊருக்குக் காட்டுவதற்காக வளர்ந்த கலை இல்லை. நெஞ்சின் நடுவில் ஒரு பட்டை தோலை வெறுமனே விடும் வழக்கம் உண்டு, முன்புறம் திறந்த அங்கி போட்டாலும் படம் தெரியாமல் இருக்க. கையில் உள்ளதும் பெரும்பாலும் மணிக்கட்டுக்கு முன்பே நின்றுவிடும். அன்றைக்கு இதை முழுசாகப் பார்க்கக் கிடைத்த இடம் என்றால் முக்கியமாகப் பொதுக் குளியலறைதான். என் முதுகைக் குத்தியவரின் வேலையை நானே கண்ணாடியில்தான் பார்க்க முடியும். பக்கத்தில் குளிப்பவர் பார்த்து ரசிக்க வேண்டிய படம் அது. அதன் காட்சிக்கூடத்தையே நீங்கள் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பச்சை குத்தியிருப்பது மட்டுமே பொதுக் குளியலகச் சட்டப்படி ஒருவரை மறுக்கக் காரணம் ஆகாது என்று 2017-இல் அமைச்சரவை எழுத்துமூலம் பதில் தந்தது. பச்சை குத்துவது மருத்துவச் செயல் அல்ல, அதற்கு வேண்டியது ஓவியம் போன்ற கலைகளின் அறிவும் திறமையும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கினோசாகி என்ற வெந்நீர் ஊற்று ஊரில் உள்ள பொதுக் குளியலகங்கள் எங்களை விடுகின்றன. அதனால் அங்கே கூட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை.

சிறு படமென்றால் ஒட்டுத்தாளால் மூடிக்கொண்டு வரலாம் என்கிறீர்கள், சரி. முதுகு முழுக்க இருப்பதை எந்தத் தாளால் மூடுவது? ஆளின் நடத்தையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். குடித்துவிட்டு வருபவரை, கத்துபவரை, உடம்பைக் கழுவாமல் தொட்டியில் இறங்குபவரை வெளியே அனுப்புங்கள். நானே கதவைத் திறந்துவிடுகிறேன். முதல் கட்டமாக, கூட்டம் குறைந்த வார நாள்களில் விட்டுப் பாருங்கள். அதற்கும் மனம் வராவிட்டால், அனுமதி இல்லை என்பதை இணையதளத்தின் முகப்பிலேயே, ஜப்பானியத்திலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள். மலைமேல் பஸ் ஏறி வந்து, காசு கட்டி, சட்டையைக் கழற்றிய பிறகு சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
டோக்கியோவிலிருந்து ஒரு தமிழன்