மாப்ளைக்கு, மீட்டர் முள்ளைப் பற்றி

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுத உட்கார்ந்தால் கையெல்லாம் ஆயில் பிசுக்கு. கழுவிவிட்டு வருவதற்குள் வேறு வேலை வந்துவிடும். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. வண்டிக்கு அடியில் படுத்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். நல்லவேளை, பேரன் வளர்ந்துவிட்டான்.

ஹெட்டை, அதாவது இன்ஜினின் மேல்மூடியை, கழற்றப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, கொஞ்சம் பொறு. ரேடியேட்டர் தண்ணீரைத் துப்புகிறது, புதிதாக மாட்டிய டெம்பரேச்சர் மீட்டரோ 60 டிகிரியைத் தாண்டவில்லை, அதனால் ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கிற கேஸ்கட் போய், சிலிண்டர் காற்றுதான் தண்ணீரைத் தள்ளுகிறது என்கிறாய். இருக்கலாம். ஆனால் மீட்டர் குழாயின் நுனியில் சூட்டை உணர்கிற பல்பு இன்ஜின் மரைக்குப் பொருந்தாததால் அடாப்டருக்கு மேல் அடாப்டர் போட்டேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார், எனக்கு அங்கேதான் இடிக்கிறது. அந்தப் பல்பு விரல் நீளம்கூட இருக்காது. இரண்டு அடாப்டர் போட்டால் அது அதற்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். ஓடுகிற தண்ணீர் அதைத் தொடாது. போதாததற்கு அந்த இடத்தில் காற்று அடைத்திருந்தால் இன்ஜின் கொதித்தாலும் முள் சும்மா தூங்கும்.

முதலில் மீட்டரைச் சோதித்துப் பார். பல்பைக் கழற்றி, கொதிக்கிற தண்ணீரில் தொங்கவிடு, பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. 100-க்குப் பக்கத்தில் காட்டினால் மீட்டர் நல்ல மீட்டர். மலை மேல் இருந்து சோதித்தால் 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி கழித்துக்கொள். அந்த வகை மீட்டர்களில் பெரும்பாலும் உள்ளே இருப்பது ஈதர். 35 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும் சரக்கு. அதன் ஆவி அழுத்தம்தான் முடி போன்ற குழாய் வழியாக வந்து முள்ளைத் தள்ளுகிறது. சூடு ஏற ஏற அழுத்தம் வேகமாக ஏறும். அதனால்தான் டயலில் கீழ் எண்கள் நெருக்கியடித்துக் கிடக்கும், மேல் எண்கள் விலகி நிற்கும். அச்சடித்தவன் தப்பு என்று நினைத்துவிடாதே.

கழற்றும்போது ஒரு கையால் பல்பை அசையாமல் பிடித்து, நட்டை மட்டும் திருப்பு. நட்டோடு குழாயும் சேர்ந்து முறுக்கிக்கொண்டால் தீர்ந்தது கதை, ஈதர் போய்விடும், முள் அடியில் படுத்துவிடும். குழாய் நீளமாக இருக்கிறதே என்று வெட்டிவிடவும் கூடாது. பெரிய வளையமாகச் சுருட்டிக் கட்டிவை.

என் ஆயில் பிரஷர் மீட்டர் கதையைக் கேள். இன்ஜின் பிளாக்கில் 1/8 அங்குல மரை, மீட்டரோடு வந்த நிப்பிளும், அதுதான் குழாயை இணைக்கிற மரைத்துண்டு, 1/8. நம் பழைய கணக்கில் அரைக்கால். இரண்டும் அரைக்கால்தானே என்று முறுக்கினேன். இரண்டு சுற்று போய் இறுகிவிட்டது. கூம்பு மரை அப்படித்தான் இறுகும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிளாக்கில் இருந்தது பிரிட்டிஷ் மரை, அங்குலத்துக்கு 28. நிப்பிள் அமெரிக்க மரை, 27. ஒரே ஒரு மரைதான் வித்தியாசம், நிப்பிள் அரை மில்லிமீட்டர் பருமனும்கூட. ஸ்பேனரை இன்னும் ஒரு அழுத்து அழுத்தியிருந்தால் பிளாக்கிலேயே மரை போயிருக்கும். மரை அளக்கிற கேஜ் என் டப்பாவில்தான் துருப்பிடித்துக் கிடந்தது. எடுத்துப் பார்க்க எனக்குச் சோம்பல்.

சரியான நிப்பிள் வாங்கி மாட்டினேன். கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று, இன்ஜினிலிருந்து மீட்டருக்கு ஆயில் வருகிற செம்புக்குழாயை ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இழுத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஒருநாள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது வலது காலில் சூடாக ஏதோ வழிந்தது. மீட்டர் முள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. உடனே ஓரம் கட்டி அணைத்தேன், பேன்ட்டும் ஷூவும் கறுப்பு. மீட்டருக்குப் பின்னால், நட்டு ஓரத்தில் மயிரிழை விரிசல். இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் ஆடுகிறது, டேஷ்போர்டு ஆடாது. நடுவில் நேராக நிற்கிற செம்பு அதிர்ந்து அதிர்ந்து இறுகி ஒடிந்துவிட்டது. இப்போது புதுக்குழாயைச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி, இளக வைத்து, இன்ஜின் பக்கம் மூன்று சுற்று சுருள் போட்டிருக்கிறேன். பார்க்க அசிங்கம். இருக்கட்டும்.

மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பை நுனி வரை சுற்றாதே. பிய்ந்த நூல் உள்ளே போனால் வழி அடைத்துக்கொள்ளும், முள் மந்தமாக ஏறும். அதைப் பார்த்து ஆயில் பம்ப்பைச் சந்தேகப்பட்டு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை நான் வீணாக்கியிருக்கிறேன்.

கழற்றி வைத்த பழைய மீட்டரைப் பேரன் பிரித்துப் பார்த்தான். உள்ளே கேள்விக்குறி மாதிரி வளைந்த தட்டைக் குழாய். அழுத்தம் ஏறினால் நிமிரப் பார்க்கும், பல்சக்கரம் திரும்பும், முள் நகரும். குழந்தைகள் ஊதினால் விரியுமே காகித ஊதல், அதேதான் தாத்தா என்றான். யூஜின் போர்டோன் 1849-இல் காப்புரிமை வாங்கிய சாதனத்தை இதைவிடச் சுருக்கமாக நான் யாருக்கும் விளக்கியதில்லை.

உன் அடாப்டர்களைக் கழற்றி எறி. இதனுடன் ஒரே துண்டாகக் கடைந்த குட்டையான அடாப்டர் ஒன்று அனுப்புகிறேன், பல்பு நுனி தண்ணீருக்குள் நன்றாக நீட்டிக்கொண்டிருக்கும். மாட்டிய பிறகு, இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய். சூடானதும் தண்ணீருக்கு வழிவிடுகிற தெர்மோஸ்டாட் திறந்து காற்று வெளியேறும்வரை தண்ணீர் ஊற்று. அதற்குப் பிறகும் தண்ணீரில் குமிழி நிற்காமல் வந்தால் சொல். ஹெட்டைச் சேர்ந்தே கழற்றுவோம். பேரனையும் கூட்டி வருகிறேன், அடியில் படுத்தால் என்னைத் தூக்கிவிட ஆள் வேண்டுமே.

உன்,
பழைய ஸ்பேனர் கூட்டாளி