முப்பது அங்குலப் படுக்கை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கத்தான் செய்கிறது. தம்பிக்கு சிப்காட்டில் ஷிப்டு மாற்றிவிட்டார்கள், பகலெல்லாம் தூங்குகிறான். மழை பிடித்துவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற டிரெய்லர் பெட்டியை உள்ளே தங்குகிற மாதிரி மாற்றிக்கொண்டிருக்கிறாயே, அந்தப் படங்கள் எல்லாம் வந்தன. போனில் பேசலாம் என்றால் நீ எப்போதும் "அப்புறம் கூப்பிடறேம்ப்பா" என்கிறாய். அதனால் காகிதத்தில் எழுதி நானே படம் பிடித்து அனுப்புகிறேன். தம்பியிடம் கொடுத்தால் படித்துவிடுவான். எழுத்து சின்னதாக இருந்தால் பெரிதாக்கிப் படித்துக்கொள்.

வேலை சுத்தமாக இருக்கிறது. சுவர்த் தகட்டுக்கும் ப்ளைவுட்டுக்கும் நடுவில் ஒரு அங்குல ஃபோம் அட்டை, சந்தில் எல்லாம் ஸ்ப்ரே ஃபோம், ஸ்குரூ ஒரே வரிசை. பழைய பட்டறை முருகேசனிடம் காட்டினேன். "நம்ம பாப்பாவா அடிச்சது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். கரும்பு டிப்பருக்குப் பலகை அடித்துக் கை பழுத்தவன் அவன், லேசில் யாரையும் மெச்சமாட்டான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் இதையெல்லாம் நீயேதான் செய்யவேண்டுமா? போன வருஷம் மாப்பிள்ளைதானே ஆசைப்பட்டு வாங்கினார், ஆபீஸ் சிநேகிதர்களோடு நவம்பரில் மான் வேட்டைக்குப் போகவும், கோடையில் நீங்கள் இரண்டு பேரும் ஏரிக்கரை ஏரிக்கரையாகத் தங்கவும். இப்போது வந்த படங்களில் ட்ரில்லைப் பிடித்திருப்பதும் உன் கை, டேப்பைப் பிடித்திருப்பதும் உன் கை. அவருக்கு வேலை அதிகம்போல. சரி.

முதலில் பாரத்தைச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி தூக்கம் வராத நேரத்தில் அமெரிக்காக்காரர்கள் போடுகிற வீடியோ எல்லாம் பார்க்கிறேன், அதனால் உங்கள் ஊர்க் கணக்கும் கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. உன் டிரெய்லர் பிளேட்டில் லோடோடு சேர்த்து 2,990 பவுண்டு வரை என்று இருக்கிறது. அச்சு தாங்கக்கூடியது 3,500. அங்கே பல மாநிலங்களில் 3,000 பவுண்டைத் தொட்டால் பிரேக் வைக்கச் சொல்வார்கள், அதனால் கம்பெனிக்காரன் பத்து பவுண்டு குறைத்துப் பிளேட் அடிக்கிறான். அதாவது உன் பெட்டிக்குத் தனி பிரேக் இல்லை. உன் காரின் பிரேக்தான் இரண்டையும் நிறுத்தவேண்டும். இதை மறக்காதே.

மொத்த எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து வரை காரோடு மாட்டுகிற கொக்கியில் உட்காரவேண்டும். முழு லோடு என்றால் 135 கிலோவிலிருந்து 200 கிலோ. முன்பாரம் மிஞ்சினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகிற டிராக்டர் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பி அந்தரத்தில் ஆடிக்கொண்டே போவதைப் பார்த்துக் கை கொட்டிச் சிரித்தவள்தானே நீ. பின்பாரம் அதைவிட மோசம். மணிக்கு 60 மைலில் வால் ஆட ஆரம்பித்தால் பெட்டி காரையே இழுத்துப் புரட்டிவிடும். அப்படி ஆடினால் பிரேக்கில் ஏறி மிதிக்காதே, ஸ்டீயரிங்கை ஒடிக்காதே. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு நேராகப் பிடி, தானாக அடங்கும். அடங்கியதும் ஓரங்கட்டிச் சாமானை முன்னே தள்ளு.

எடை பார்க்கத் தராசுக்கு அலையாதே. பாத்ரூமில் ஏறி நிற்கிற மெஷினே போதும். பெட்டியைச் சமதளத்தில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை கொடு. கொக்கிக்குக் கீழே கனமான சட்டம் ஒன்றைக் குறுக்கே வை. கொக்கி உட்காரும் இடத்திலிருந்து ஒரு பக்கம் 1 அடியில் செங்கல், மறுபக்கம் 2 அடியில் மெஷின். மெஷின் காட்டுவதை மூன்றால் பெருக்கினால் கொக்கியின் பாரம். வெறும் சட்டத்துக்கு மெஷின் காட்டுவதை முதலிலேயே பார்த்து, பெருக்குவதற்கு முன்னால் கழித்துக்கொள்.

இன்னொன்று. போகும்போது சரியாக இருக்கிற பாரம் வரும்போது இருக்காது. தண்ணீர் டாங்கி காலியாகிவிடும், லிட்டருக்கு ஒரு கிலோ அங்கேயே போச்சு. மான் கிடைத்தால் கடைசியாக ஏறுவது அதுதான். கடைசியில் ஏறுவது பின்கதவு ஓரமாகத்தான் கிடக்கும். அறுபது எழுபது கிலோ அச்சுக்குப் பின்னால் போனால் வால் ஆடாமல் என்ன செய்யும்? அதனால் டாங்கியை அச்சுக்கு நேர்மேலே, இல்லை ஒரு சாண் முன்னே வை. மானை முன்னுக்கு இழுத்துக் கட்டு. தரையில் பதித்திருக்கிற இரும்புப் பட்டைக் கொக்கிகள் அதற்குத்தானே.

மான் விஷயம் அம்மாவுக்குத் தெரியாது. கேம்பிங் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே 1972இலேயே சட்டம் வந்துவிட்டது, மானைச் சுட்டால் ஜெயில். அங்கே மிச்சிகனில் லைசென்ஸ் எடுத்து, நவம்பர் 15இலிருந்து 30 வரை துப்பாக்கி சீசன் என்று அரசாங்கமே நாள் குறித்துக் கொடுக்கிறது என்றால் அவள் நம்பமாட்டாள். சுடப்போவது நீயா, கூட வருகிறவர்களா? கூட வருவது யார் யார் என்று எழுதவில்லையே. ஆரஞ்சு ஜாக்கெட்டை மட்டும் கழற்றாதே. விறகு பொறுக்கப் போனாலும் போட்டுக்கொள். கறியை 4 டிகிரிக்குக் கீழே வைத்துக்கொண்டு வரவேண்டும், பகலில் வெயில் அடித்தால் ஐஸ் பெட்டி இல்லாமல் முடியாது. பெட்டிக்குள் ரத்தம் சொட்டினால் ப்ளைவுட்டில் ஊறி நாறும், ரப்பர் பாய் விரி. வடக்கே போகிற அந்தப் பெரிய பாலத்தில், மாக்கினாவோ என்னவோ, காற்று பலமாக இருந்தால் டிரெய்லர் இழுக்கிற வண்டிகளை நிறுத்திக் கூட ஆள் போட்டு அழைத்துப்போவார்களாம். நிறுத்தினால் நின்று போ. அவசரப்படாதே.

படுக்கைப் படத்தை நிறைய நேரம் பார்த்தேன். எட்டடி ஷீட்டை நீளவாக்கில் 30 அங்குலத்துக்கு அறுத்திருக்கிறாய். மீதி 18 அங்குலம் எதிர்ச்சுவரில் அலமாரிப் பலகை ஆகியிருக்கிறது. ஷீட்டில் கம்பெனிக்காரன் அடித்த முத்திரை அறுபட்டுப் பாதி படுக்கையிலும் பாதி அலமாரியிலும் தெரிகிறது, அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். 30 அங்குலத்தில் ஒரு ஆள் படுக்கலாம். கம்பளியும் கோட்டுமாக என்றால் அந்த ஒரு ஆளுக்கே நெருக்கடி. போன வருஷம் நீ பென்சிலில் வரைந்து அனுப்பினாயே, அதில் இரண்டு பக்கமும் படுக்கை, நடுவில் மடக்கு மேசை. அந்தப் படத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். எடையைக் குறைக்க ஒன்றை எடுத்துவிட்டாள் என்று அம்மாவிடம் சொன்னேன். எடைக்காக என்றால் நல்ல யோசனைதான். எடைக்காக இல்லை என்றால், கீல் போட்டு மடக்குகிற மாதிரி இன்னொன்று வைக்க அந்தச் சுவரில் இடம் இருக்கிறது. ஒரு நாள் வேலை.

அலமாரியில் இட்லிப் பானை இருக்கிறது. காட்டுக்குப் போகிறவர்கள் இட்லி அவிப்பதுண்டா? அதற்குப் பக்கத்தில் பச்சை ஃபைல். நேரு வீதியில் உன் கவுன்சிலிங்குக்கு வாங்கிய ஃபைல்தான், மூலை கிழிந்த இடத்தில் நான் ஒட்டிய டேப்கூடத் தெரிகிறது. மான் சுட டிகிரி சர்டிபிகேட் கேட்கிறார்களா? கேலி செய்யவில்லை. பெட்டிக்குள் ஈரம் ஏறும், காகிதம் பூஞ்சணம் பிடிக்கும். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வை. அதைவிட நல்லது வீட்டில் பீரோவில் வைப்பது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்றால் ஹீட்டரிலிருந்துதான். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாகிறது. நீ விடுகிற மூச்சு வேறு. எல்லாம் போய்த் தகட்டில் முத்து முத்தாக உட்காரும். அதுகூடத் துடைத்துக்கொள்ளலாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. கொடைக்கானலில் குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய பையன்கள் எழுந்திருக்கவே இல்லை என்று பேப்பரில் வந்ததே. கூரையில் 14 அங்குலத்துக்கு ஃபேன் ஓட்டை போட்டிருக்கிறாய், நல்லது. ஆனால் மேலே மட்டும் திறந்தால் காற்று ஓடாது, கீழேயும் ஒரு வழி வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுக்கைத் தலைமாட்டில் மாட்டு. கேஸ் சிலிண்டர் வெளியே, கொக்கிப் பக்கம். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும், நீ படுத்திருப்பதும் தரைக்குப் பக்கத்தில். முடிந்தால் புகையை வெளியே தள்ளுகிற டீசல் ஹீட்டருக்கு மாறிவிடு. தூங்கும்போது கேஸ் ஹீட்டரை அணைத்துவிடு. லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழான குளிரில் சார்ஜ் போட்டால் பாழாகும், அதையும் பார்த்துக்கொள்.

பக்கக் கதவுப் படத்தில் வெளியே குறுக்குக் கம்பித் தாழ்ப்பாள் மட்டும்தான் தெரிகிறது. உள்ளேயிருந்து திறக்க ஏதாவது வைத்திருக்கிறாயா? அது சாமான் ஏற்றச் செய்த பெட்டி, ஆள் படுக்கச் செய்ததில்லை. வெளியே யாராவது விளையாட்டுக்குக் கம்பியைத் தள்ளிவிட்டால் நீ உள்ளே மாட்டிக்கொள்வாய். கைப்பிடியை உள்ளே இருந்தும் திருப்புகிற மாதிரிப் பூட்டு கடையில் கிடைக்கிறது. அதை மாட்டும்வரை உள்ளே படுக்காதே. உள்ளேயிருந்து திறக்க வராத எதிலும் இருக்காதே.

நவம்பர் 30க்கு அப்புறம் இந்தப் பெட்டி எதற்கும் லாயக்கில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு அங்குல ஃபோம் இரண்டு மூன்று ராத்திரிக்குச் சமாளிக்கும். டிசம்பர், ஜனவரி மிச்சிகன் குளிருக்கு நிற்காது. தானே புயல் அடித்த ராத்திரி டிப்பருக்குள் தார்ப்பாய் கட்டிப் படுத்தோமே என்று நினைக்காதே, அது ஒரு ராத்திரி, நாங்கள் எல்லோரும் கூட இருந்தோம். உன் சம்பளத்துக்கு அங்கே ஒரு சின்ன வீடு வாடகைக்குக் கிடைக்காமலா போகும்? பொதுவாகத்தான் கேட்கிறேன். பணம் வேண்டுமென்றால் பாங்கில் இருக்கிறது. இதையும் பொதுவாகத்தான் சொல்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை லாஸ்பேட்டைக்குப் போய்ச் சம்பந்தியைப் பார்த்தோம். முருகேசன் பெண் கல்யாணம் திருவந்திபுரத்தில், பத்திரிகை கொடுக்கத்தான் போனது. காபி கொடுத்தார்கள். மாப்பிள்ளை சௌக்கியமா என்று கேட்டதும் சம்பந்தியம்மா டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். நீ செய்த டிரெய்லர் வேலையை நான் படத்தில் காட்டினேன். சம்பந்தி வாங்கிப் பார்த்துவிட்டு "ஓஹோ" என்று திருப்பிக் கொடுத்தார். வண்டி எந்த வாசலில் நிற்கிறது என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்கள் வீட்டு வாசலில்தான் என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரிதானே? திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. நீ ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் நாங்கள் இப்படி முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டாம். உனக்கு எது நல்லதோ அதைத்தான் செய்வாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எதையும் தனியாகச் செய்யவேண்டும் என்று யாரும் உன்னிடம் சொல்லவில்லை.

மாடி அறையில் கிடந்த பழைய டயரை எல்லாம் எடுத்துவிட்டு வெள்ளையடித்தாயிற்று. மழைக்கு முன்னால் அடித்தால்தான் உண்டு என்று அடித்தது. நீங்கள் வந்தாலும் சரி, நீ மட்டும் வந்தாலும் சரி, தங்கலாம்.

அம்மா வடகமும் பருப்புப் பொடியும் கட்டி வைத்திருக்கிறாள். கூரியர்காரன் அட்ரஸ் கேட்கிறான். பழைய அட்ரஸுக்கே அனுப்பவா, வேறு எங்காவதா? வேறு ஒன்றும் எழுத நேரமில்லை என்றால் அதை மட்டும் அனுப்பு.

அன்புடன்
அப்பா

பி.கு.: டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். படம் எடுத்து அனுப்பு. பட்டன் நன்றாக இருந்தாலும் ஐந்தாறு வருஷம் தாண்டிய டயரை நம்பாதே. முதல் 50 மைல் ஓடியதும் நிறுத்திச் சக்கர நட்டுகளைத் திரும்ப முறுக்கு, பேரிங் மூடி மேல் கை வைத்துப் பார், கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கில் ஏதோ கோளாறு. கொக்கிக்குக் கீழே சங்கிலி இரண்டையும் குறுக்காகப் போடு. கதவுப் பூட்டை இந்த வாரமே மாற்றிவிடு.