சராசரியை மட்டும் பார்த்து நர்சிங் கதவைச் சாத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதிப்பெண் குறைந்த பிள்ளைகளை நர்சிங்கில் சேர்ப்பது நோயாளிகளின் உயிரோடு விளையாடுவது என்று வாசகர் ஒருவர் உங்கள் நாளிதழில் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். அவருடைய கவலை நியாயமானது. நான் வார்டில் நர்ஸாகவும், பிறகு நர்சிங் பள்ளியில் பயிற்றுநராகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாணவர் சேர்க்கைக் குழுவிலும் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். நர்ஸுக்குப் படிப்பு முக்கியம் என்பதில் அவருக்கும் எனக்கும் பேதமில்லை. விண்ணப்பத்தில் இருக்கும் ஒரே ஒரு சராசரி எண்ணை வைத்து, இந்தப் பிள்ளைக்குப் படிப்பு வரும், இதற்கு வராது என்று முடிவு கட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நன்றாகப் படித்த நர்ஸ்கள் இருக்கும் இடத்தில் சாவு குறைவு என்று ஆய்வே சொல்கிறது என அவர் எழுதியிருந்தார். உண்மைதான். அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கன் குழுவினர் 2014-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு அப்படித்தான் சொல்கிறது. ஐரோப்பாவின் 9 நாடுகளில் 300 மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டு, அறுவை சிகிச்சை முடிந்த 4 லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளின் விவரங்களைப் பார்த்தார்கள். பட்டப்படிப்பு முடித்த நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடுதலாக இருந்த இடங்களில், 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் அவர்கள் கணக்கில் எடுத்தது அந்த நர்ஸ்கள் படித்து முடித்த படிப்பை. அந்தப் படிப்புக்குள் நுழையும்போது யார் என்ன மார்க் வைத்திருந்தார் என்பதை அல்ல. அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது: ஒரு நர்ஸ் கவனிக்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினாலே இறப்பு வாய்ப்பு 7 சதவீதம் ஏறியது. ஆள் குறைந்தாலும் உயிர் போகிறது. 2023 நிலவரப்படி உலகம் முழுக்க 58 லட்சம் நர்ஸ்கள் பற்றாக்குறை என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இந்த நிலையில் கற்றுக்கொள்ளக்கூடிய பிள்ளையைச் சரியாகப் பார்க்காமல் திருப்பி அனுப்புவதும் நோயாளிக்குச் செய்யும் தீங்குதான்.

சராசரி எப்படி ஏமாற்றும் என்று பாருங்கள். 4-ஐ உச்சமாக வைத்து மதிப்பெண் போடும் அளவுகோலில் ஒரு மாணவிக்கு முதல் 60 கிரெடிட்டில் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) 2.2 என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் விழித்துக்கொண்டு உழைக்கிறாள். அடுத்த 30 கிரெடிட்டில் 3.8 எடுக்கிறாள். மொத்தச் சராசரி வெறும் 2.73. கட்-ஆஃப் 3.0 என்றால் கம்ப்யூட்டரே அவளைத் தள்ளிவிடும். ஆரம்பத்தில் 3.8 எடுத்து, கடைசியில் 2.2-க்குச் சரிந்தவன் 3.27 வைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவான். இருவரில் இன்றைக்கு உட்கார்ந்து படிக்கக்கூடியவர் யார் என்று அந்த எண் சொல்லவே சொல்லாது. அமெரிக்காவில் பல நர்சிங் பள்ளிகள் கடைசி 60 கிரெடிட்டைத் தனியாகவும், உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், வேதியியல் மதிப்பெண்களைத் தனியாகவும் பார்ப்பது இதற்காகத்தான்.

அதற்காக எந்த மார்க்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சில பாடங்களில் சமரசமே கூடாது. ஒரு லிட்டர் ட்ரிப்பை 8 மணி நேரத்தில் ஏற்றச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கிறார். ட்ரிப் குழாய் செட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு. அப்படியானால் 20,000 சொட்டு 480 நிமிஷத்தில் போக வேண்டும், நிமிஷத்துக்குச் சுமார் 42. இதை ராத்திரி டியூட்டியில், பக்கத்துக் கட்டிலில் ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போதும் தப்பில்லாமல் போடத் தெரிய வேண்டும். 0.5 என்பதை 5 என்று படித்தால் மருந்து பத்து மடங்கு. பொட்டாசியம் வேகமாக ஏறினால் இதயமே நின்றுவிடும். பிரிட்டனில் நர்சிங் கவுன்சிலின் 2018 விதிப்படி, மருந்துக் கணக்குத் தேர்வில் நூற்றுக்கு நூறு எடுத்தால்தான் தேர்ச்சி. அந்தக் கண்டிப்பு எனக்கு முழுச் சம்மதம். ஆனால் அது படிப்புக்குள் வந்தபிறகு, சொல்லிக்கொடுத்து வைக்கிற தேர்வு. பின்னக் கணக்கே தெரியாமல் என் வகுப்புக்கு வந்தவர்கள் உண்டு. தினம் உட்கார வைத்துப் போடச் சொன்னால் போட்டுவிடுகிறார்கள்.

நேர்முகத்துக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய சராசரியைப் பார்த்ததும் குழுவில் ஒருவர் கோப்பை மூடியே வைத்துவிட்டார். நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்: படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வாய்? மற்றவர்கள் புத்தகத்தில் இருப்பதைச் சொல்வார்கள். இவள், “இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் போடணும் மேடம். ஆனா பாட்டியை இழுத்துத் திருப்பினா தோல் உரிஞ்சிடும், விரிப்போடு சேர்த்துத் தூக்கித்தான் திருப்புவேன்” என்றாள். இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையணை வைப்பாளாம். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் துணி மடித்து வைப்பாளாம். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி, வெளுக்கிறதா என்று பார்ப்பாளாம். அதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸ் ஒருவர் என்றாள். அவள் மார்க் சரிந்த வருஷமும் பாட்டி படுக்கையில் கிடந்த வருஷமும் ஒன்றுதான். அந்த ஆண்டு நாங்கள் இடம் கொடுக்கவில்லை, வேதியியல் ரொம்பப் பலவீனம். அதை மட்டும் மறுபடி எழுதி வா என்று அனுப்பினோம். எழுதிவிட்டு வந்தாள், சேர்ந்தாள், முடித்தாள்.

1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் நர்சிங் பள்ளி தொடங்கியபோது, மாணவிகளை மாதாமாதம் ஒரு படிவத்தில் மதிப்பிட்டார்கள். நேரந்தவறாமை, அமைதி, நம்பகத்தன்மை, சுத்தம் இவற்றுக்கு ஒரு பக்கம். கட்டுப் போடுவது, எனிமா கொடுப்பது, ரத்தம் உறிஞ்ச அட்டைப்பூச்சி விடுவது போன்ற கைவேலைக்கு இன்னொரு பக்கம். அட்டைப்பூச்சி பெரும்பாலும் போய்விட்டது. மற்றதெல்லாம் இன்றைக்கும் வேண்டியதுதான், அவற்றில் ஒன்றுகூடச் சராசரியில் தெரியாது.

மார்க் குறைந்து, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. எல்லாப் பாடத்தையும் தூக்கிக்கொண்டு திணறாதீர்கள். உயிரியல், வேதியியல், கணக்கு என்று நர்சிங் எதன்மேல் நிற்கிறதோ அதை மட்டும் மறுபடி எழுதி, நன்றாக எழுதுங்கள். திரும்ப எழுதினால் பழைய மார்க்கை நீக்குகிறார்களா, இரண்டையும் சேர்த்துச் சராசரி போடுகிறார்களா என்று பள்ளியிடம் முன்பே கேளுங்கள், இடத்துக்கு இடம் விதி மாறும். அதற்கிடையில் உதவியாளராக ஒரு மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ வேலைக்குச் சேருங்கள். மலம், ரத்தம், கூச்சல் இவற்றோடு பழகிய பிறகும் நர்ஸாக ஆசை இருந்தால் அது உறுதியான ஆசை. பரிந்துரைக் கடிதத்தையும் அங்கே உங்கள் கைவேலையைப் பார்த்த நர்ஸிடமே வாங்குங்கள். பெரிய மனிதர் கையெழுத்தைவிட அதைத்தான் நாங்கள் கவனித்துப் படிப்போம். விண்ணப்பத்தில், மார்க் ஏன் குறைந்தது என்று இரண்டு வரி, பிறகு என்ன செய்தீர்கள் என்று பத்து வரி எழுதுங்கள். நேராகப் பட்டப்படிப்பு கிடைக்காவிட்டால் டிப்ளமோவில் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே மேலே படிக்கும் வழி பல நாடுகளில் இருக்கிறது.

மார்க் குறைந்த பிள்ளைகளைத் தேடிப்பிடிக்கும் ஆட்களும் இருக்கிறார்கள் என்பதைப் பெற்றோர் மறக்க வேண்டாம். எந்த மார்க்கானாலும் சீட் உறுதி என்று யாராவது சொன்னால், பணம் கட்டும் முன் இரண்டே கேள்வி கேளுங்கள். நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா? முடித்தவர்களில் எத்தனை பேர் பதிவுபெற்ற நர்ஸாக வேலை செய்கிறார்கள்? நேரான பதில் வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்துவிட்டு, பதிவு செய்ய முடியாமல் நின்ற பிள்ளைகளின் அழுகையைப் பார்த்தவள் நான்.

சேர்க்கைக் குழுக்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் மொத்தச் சராசரியை அச்சடிப்பதற்குப் பதிலாக, பாடவாரியாகவும் வருஷவாரியாகவும் மார்க்கை அச்சடியுங்கள். கட்-ஆஃபுக்குச் சற்றுக் கீழே இருப்பவர்களில், கடைசி வருஷம் ஏறிவந்தவர்களை மட்டுமாவது நேரில் கூப்பிட்டுப் பேசுங்கள். வேண்டாம் என்று அனுப்பும்போதும், எந்தப் பாடத்தைச் சரிசெய்துவிட்டு வரலாம் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நர்சிங் பயிற்றுநர்