எங்களுக்குக் கைகொடுத்த எண்ணூர் மக்களுக்கு

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் பாய்மாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக எழுத நினைத்த மடல் இது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிவு எண்ணெய் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்கு வந்தபோது எங்கள் படகும் வலையும் அதில் மாட்டின. தாரில் முக்கி எடுத்தது போல வலை ஆகிவிட்டது. கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, தொட்டால் கை எரிந்தது. கிடைத்த கொஞ்சம் இறாலைக் கூடையில் வைத்து உட்கார்ந்தால், "எண்ணூர் சரக்கா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துபோனார்கள்.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஜெபக்கூட்டத்தில் ஒருவர், "தசமபாகம் ஒழுங்காகக் கொடுத்தீங்களா? வீட்டில் ஏதாவது மறைவான பாவம் இருக்கா?" என்று கேட்டார். தசமபாகம் என்றால் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுப்பது. சற்றுமுன் புது கார் வாங்கியதை எழுந்து சாட்சி சொன்னவர் அவர். காருக்குக் காரணம் விசுவாசமாம், எங்கள் வலைக்குக் காரணம் விசுவாசக் குறைவாம். சரி, அம்மன் கோயில் தெருவிலும் எங்கள் தெருவிலும் ஒரே எண்ணெய்தானே வந்தது?

நன்றி சொல்ல வந்துவிட்டு வேறெங்கோ போகிறேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு முதல் நன்றி. அன்று மாலை வந்து எதுவும் கேட்காமல் திண்ணையில் உட்கார்ந்தார், என் கையில் தேங்காய் எண்ணெய் தடவிப் பிசுக்கைத் துடைத்துவிட்டார். மறுநாளும் வந்தார். டீக்கடை பாய் கணக்கு நோட்டை எங்கள் பக்கம் திறக்கவே இல்லை. படகைச் சுரண்டிக் கழுவியது கோயில் தெருப் பையன்கள். வலை பின்னும் தாத்தா கெட்ட வலையைத் தூக்கிப்போட விடவில்லை. மிதவையையும் ஈயக்குண்டையும் ஒவ்வொன்றாக அறுத்தெடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, புது வலையில் கோத்துக் கொடுத்தார். கூலி என்று பேச்செடுத்தால் திட்டுவார்.

எங்கள் சபை உபதேசியார் ஐயாவுக்குத் தனி நன்றி. ஆறுதல் பிரசங்கம் ஒன்றும் வைக்கவில்லை, பைபிளில் யோபு புத்தகத்தைத் திறந்து படித்தார். ஏழாயிரம் ஆடும் மூவாயிரம் ஒட்டகமும் பிள்ளைகள் பத்துப் பேரும் போன மனுஷனிடம் மூன்று சிநேகிதர்கள் வந்து ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்லவர்கள்தான். அப்புறம் வாயைத் திறந்து, நீ பாவம் செய்திருப்பாய் என்று ஆரம்பித்தார்கள். கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது அவர்கள் மேல்தான், யோபு மேல் இல்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசு கேட்டதையும் ஐயா காட்டினார். இத்தனை வருஷம் சபைக்குப் போகிறேன், அந்த வசனத்தை யாரும் எனக்கு இப்படிப் படித்துக் காட்டியதில்லை.

ஆற்றில் இறால் முன்போல இல்லை, ஆனாலும் தொழிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். வட்டியில்லாமல் கைமாற்றுக் கொடுத்த ஏலக்கார அண்ணனுக்குப் பாதி கொடுத்தாயிற்று. மீதிக்குப் பொங்கல் வரை பொறுத்துக்கொள்ளுங்கள் அண்ணே.

இப்படிக்கு,
காட்டுக்குப்பத்து மீன்காரி