சோதித்தவர் யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

'மாற்றுத்திறனாளிகளுக்கும் உகந்தது' என்று ஓர் இணையதளம் சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் அதைச் சோதித்துப் பார்த்தவர் யார் என்று கேட்கத் தோன்றுகிறது. நான் பார்வையற்றவன். கணினியிலும் கைபேசியிலும் என் வேலைகள் எல்லாம் ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள், வழியாகத்தான் நடக்கின்றன. இப்படிச் சான்று வாங்கிய தளங்களிலேயே பாதி வழியில் மாட்டிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பாஸ்வேர்டைச் சொல்லி உதவி கேட்க வேண்டியிருக்கிறது.

பெரும்பாலும் சோதனை என்ற பெயரில், தளத்தின் முகவரியை ஒரு மென்பொருளில் கொடுத்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். படத்துக்கு விளக்க உரை இருக்கிறதா என்று அது பார்க்கும். அந்த உரைக்கும் படத்துக்கும் சம்பந்தம் உண்டா என்பது அதற்குத் தெரியாது. ஒரு விண்ணப்பத்தை நிரப்பிச் 'சமர்ப்பி' பட்டனை அழுத்துகிறேன் என்று வையுங்கள். எங்கோ ஒரு பெட்டி சிவப்பாகிறது. என் காதில் ஒன்றும் விழுவதில்லை. விண்ணப்பம் போய்விட்டதா, நின்றுவிட்டதா? மறுபடி மேலிருந்து ஒவ்வொரு பெட்டியாகக் கேட்டுக்கொண்டு வருவதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும். இந்த இடத்தை மதிப்பெண் போடும் மென்பொருள் கண்டுகொள்வதே இல்லை. கீபோர்டும் காதுமாக உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசிவரை அந்த வேலையைச் செய்து பார்ப்பவருக்குத்தான் அது தெரியும்.

தமிழ்ப் பக்கங்களில் இன்னொரு தொல்லை. பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்காமல் ஆங்கிலம் என்றே விட்டுவிடுகிறார்கள். ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்கப் போய் உளறுகிறது, அல்லது வாய்மூடிவிடுகிறது. நிரலில் ஒரே ஒரு இடத்தைத் திருத்தினால் போதும்! ஸ்கேன் செய்து வெறும் படமாக ஏற்றிய பிடிஎஃப் அறிவிப்புகளோ எங்களுக்கு வெற்றுத்தாள்தான்.

சோதிக்கச் செலவாகுமே என்பார்கள். விண்டோஸ் கணினிக்கான என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய மென்பொருள் அது. ஆண்ட்ராய்டு கைபேசிகள் பெரும்பாலானவற்றில் டாக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடர் ஏற்கெனவே இருக்கிறது. மானிட்டரை அணைத்து, மவுசைத் தள்ளி வைத்துவிட்டு, என்விடிஏயை ஓடவிட்டு 'எச்' விசையைத் தட்டிப் பாருங்கள். தலைப்புகளை ஒழுங்காக அமைத்த பக்கம் என்றால் தலைப்பு தலைப்பாகத் தாவலாம். இன்சர்ட்டோடு எஃப்7 அழுத்தினால் இணைப்புகளின் பட்டியல் வரும். அதில் 'மேலும் படிக்க', 'மேலும் படிக்க' என்றே வரிசையாக வந்தால் எதைத் திறப்பது?

ஆனால் பார்வையுள்ளவர் மட்டும் சோதித்தால் போதாது. பக்கம் எப்படி இருக்கும் என்று அவருக்கு முன்பே தெரியும். டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று, கேஒய்சி எனப்படும் வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. செயலியோ இணையதளமோ உருவாக்கும்போது பயனர் சோதனையில் பார்வையற்றவர்களைச் சேர்க்க வேண்டும் என்பதும் அதன் உத்தரவுகளில் ஒன்று. அரசுத் துறைகளும் வங்கிகளும் தளம் கட்டக் கொடுக்கும் டெண்டரிலேயே இதை நிபந்தனையாக எழுதட்டும். சோதிப்பவருக்கு உரிய சம்பளமும் கொடுக்கட்டும். அவர் 'சரி' என்று சொன்ன பிறகு கடைசித் தவணைப் பணத்தைத் தரட்டும்.

தங்கள் இணையப் பதிப்பையும் இப்படி ஒருமுறை சோதித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை